பல்லு, செயின், பெல்ட்: சங்ககிரியிலிருந்து ஒரு இன்ஜின் வரலாறு

"பெல்ட்டா, செயினா?" பழைய கார் வாங்கும் பேச்சு எடுத்தாலே எங்கள் சங்ககிரி பக்கம் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் பத்து வருஷம் லாரியோ டாக்ஸியோ சம்பளத்துக்கு ஓட்டி, இப்போது சொந்தமாக ஒரு வண்டி போட நினைப்பவர். ஐந்தாறு வருஷம் ஓடிய வண்டி, மீதிப் பணத்துக்கு ஃபைனான்ஸ். வாங்கிய மூணாவது மாசம் இன்ஜின் படுத்தால், ஹெட் வேலைக்கும் பணம் வேண்டும், தவணைக்கும் பணம் வேண்டும், வண்டியோ ஓடாது. அதனால் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

வழக்கமாகக் கிடைக்கும் பதில்: "செயின்னா வாங்குங்க, பெல்ட்னா வேணாம்." இந்தப் பதில் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் சரி என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது உறுதி என்பதைவிட, எது எந்தக் கணக்கைக் கேட்கிறது, அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஒரு பழைய வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

முதலில் இது செய்யும் வேலை என்ன என்று பார்ப்போம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனை ஏற்றி இறக்குவது கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு இது புதுசே இல்லை. விசைத்தறியில் மேலே கிராங்க் ஷாஃப்ட், கீழே பாட்டம் ஷாஃப்ட். மேலது ரெண்டு சுற்று, கீழது ஒரு சுற்று. கீழ்ச் சக்கரத்துக்குப் பல்லு ரெண்டு மடங்கு. ஒரு பல்லு தப்பிப் பூட்டினாலும் பாவு பிரிகிற நேரமும் நாடா பாய்கிற நேரமும் ஒத்துவராது.

தறியில் நேரம் தப்பினால் நூல் அறும். இன்ஜினில் தப்பினால், திறந்திருக்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதும். சில பெட்ரோல் இன்ஜின்களில் மோதாத அளவுக்கு இடைவெளி உண்டு. டீசலில் அழுத்தம் அதிகம் வேண்டும் என்பதால் பிஸ்டனுக்கு மேலே இடமே கிடையாது, மோதியே தீரும். "வால்வு பெண்டு ஆயிடுச்சுங்க, ஹெட் இறக்கணும்" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். ஆக, கிராங்கையும் கேமையும் எதைக் கொண்டு இணைப்பது என்பதுதான் நூறு வருஷத்துக்கும் மேலான கேள்வி.

லாரிக்காரர்கள் கண்ட பதில் பல்சக்கரம். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் லாரியிலும் போர்வெல் வண்டியிலும் பிழைக்கிற ஊர்கள். சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வந்தது 1963இல். டாடா கம்பெனி மெர்சிடிஸ் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்தது 1954இல். எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. இந்த இரண்டு பேரும்தான் நம்ம ரோட்டை நிரப்பினார்கள். பின்னாளில் வந்த டாடா வண்டிகளின் கம்மின்ஸ் இன்ஜினாகட்டும், லேலண்டின் ஹினோ வழி வந்த 'எச்' வரிசை இன்ஜினாகட்டும், உள்ளே இருப்பது டைமிங் கியர்தான். கேம் ஷாஃப்ட் கீழே, பிளாக்கிலேயே, கிராங்குக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். பல்லோடு பல்லு கோத்துவிட்டால் முடிந்தது. கனம் அதிகம், சத்தம் அதிகம், செலவும் அதிகம். லாரியில் யார் அதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்?

இதனால் ஒரு பழக்கம் ஊறிப்போனது. டைமிங் கியரை ஃபுல் இன்ஜின் வேலைக்குப் பிரிக்கும்போதுதான் பார்ப்பார்கள். நடுவில் தொடவே மாட்டார்கள். "நல்லா ஓடுற இன்ஜினை எதுக்குக் கழட்டணும்" என்பது பட்டறை வேதம். பல்சக்கரத்துக்கு அது நல்ல வேதம்தான்.

கார்களின் கதை வேறு. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருளை வைத்த செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிளுக்கும் மில்லுக்கும் போன அந்தச் செயின் கார் இன்ஜினுக்குள்ளும் நுழைந்தது. நம் ஊர் அம்பாசடர், ஃபியட்டாக வந்து பத்மினி ஆன வண்டி, சென்னை வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மூன்றிலுமே கேம் கீழேதான், நடுவே குட்டையான ஒரு செயின். தேய்ந்தால் முன்பக்கத்தில் கரகரவென்று சத்தம் போடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சத்தம் போட்டு எச்சரிக்கும். கேட்டுவிட்டு நிதானமாக மாற்றலாம். செயின் செய்வதும் நமக்குப் பக்கத்து வேலைதான். கோவையில் 1937இல் போக்குவரத்துத் தொழிலாகத் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் இன்று 'ரோலான்' செயினுக்குப் பெயர்போனது. வண்டி ஓட்டியவர்கள் வண்டிக்குள் ஓடும் செயினுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அப்புறம் கேம் ஷாஃப்ட் மாடி ஏறியது. வால்வுக்கு நேர் மேலே, ஹெட்டில் கேமை வைத்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், நடுவில் தள்ளுகம்பிகள் வேண்டாம். ஆனால் கிராங்குக்கும் கேமுக்கும் தூரம் கூடிவிட்டது. நீளமான செயின் என்றால் சத்தம், விலை, ஆயில் போக வழி, சீல் எல்லாம் வேண்டும். இதற்கு விடை தையல் மெஷினிலிருந்து வந்தது. அமெரிக்காவில் கில்மர் கம்பெனியில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் 1940களில், சிங்கர் தையல் மெஷினில் மேல் ஊசியும் கீழ் பாபினும் நேரம் தப்பாமல் ஓடுவதற்காகப் பல்லு வைத்த ரப்பர் பெல்ட்டை உருவாக்கினார். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி தன் 1004 காரில் அதைப் போட்டது. பெருமளவில் தயாரான கார்களில் டைமிங் பெல்ட் போட்ட முதல் கார் அதுதான். 1966இல் ஃபியட் தன் இரட்டைக் கேம் இன்ஜினில் போட்டது. லேசு, மலிவு, சத்தமில்லை, ஆயிலே வேண்டாம். உலகம் பின்னாலேயே போனது.

நமக்கு அது 1983 டிசம்பரில் மாருதி 800 உருவத்தில் வந்தது. மூணு சிலிண்டர், 796 சிசி, மேலே கேம், முன்னால் பெல்ட். ஆம்னியும் அப்படியே. 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோவும் டாடா இண்டிகாவும் வந்தன, இரண்டிலும் பெல்ட். இண்டிகா டீசல் என்பதால் நேராக டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்தது. லாரியில் தொழில் கற்ற கைகளுக்குள் பெல்ட் வண்டி வந்து சேர்ந்த காலம் இதுதான்.

சிக்கலும் இங்கேதான் தொடங்கியது. பெல்ட்டுக்குள் கண்ணாடி இழைக் கயிறு, மேலே ரப்பர். அது ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் வயதாகும். அதனால்தான் கம்பெனி புத்தகத்தில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முந்துகிறதோ அது" என்று போட்டிருக்கும். கிராங்க் சீலில் கசிகிற ஆயில் பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். முக்கியமான விஷயம், பெரும்பாலும் சத்தமே போடாது. காலையில் நன்றாக ஓடிய வண்டி மதியம் தொப்பூர் ஏற்றத்தில் அறுத்துக்கொண்டு நிற்கும். "நல்லா ஓடுறதைத் தொடாதே" என்ற பழைய வேதம் இங்கே விஷமாக மாறியது. தேதி பார்த்து, நன்றாக இருக்கும்போதே கழட்டிப் போட வேண்டிய பொருள் அது. முதல் ஓனருக்கு அந்தத் தேதி தெரியும். மூணாவது ஓனருக்கு யார் சொல்வது? பெல்ட்டுக்கு வந்த கெட்ட பெயரில் பாதி, கைமாறும்போது தொலைந்த பில்லுக்குச் சேர வேண்டியது என்றே எனக்குப் படுகிறது.

இதைப் புரிந்துகொண்ட கம்பெனி டொயோட்டா. குவாலிஸும் 2005இல் வந்த டீசல் இன்னோவாவும் பெல்ட் வண்டிகள்தான். லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடி டாக்ஸிக்காரர்களிடம் பெயர் வாங்கியவை. இன்னோவா மீட்டரிலேயே 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கு உண்டு. குறித்த கிலோமீட்டர் வந்ததும் எரியும், பெல்ட் மாற்றிவிட்டு அதை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது கணக்கு வைக்கிற வேலையை வண்டியே எடுத்துக்கொண்டது. பெல்ட் வண்டி நிலைக்காது என்பவர்கள் இந்த வண்டிகளைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆனால் விளக்குக்கும் எல்லை உண்டு. பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைக்கலாம். மீட்டரைக் குறைத்து விற்ற வண்டியில் விளக்கும் சேர்ந்து பொய் சொல்லும்.

2007க்குப் பிறகு காற்று திரும்பியது. ஃபியட்டின் 1.3 டீசல் இன்ஜினோடு ஸ்விஃப்ட் வந்தது, அதில் செயின். 2008இல் மாருதியின் கே வரிசை, ஹூண்டாயின் கப்பா, இரண்டும் செயின். 2016இல் இன்னோவா கிரிஸ்டாவும் செயினுக்கு மாறியது. "இன்ஜின் ஆயுள் வரைக்கும் மாத்த வேண்டாம்" என்று விற்பனைக்காரர்கள் சொன்னது லாரிக்கார மனசுக்குப் பிடித்துப்போனது. பழைய டைமிங் கியரே திரும்பி வந்த மாதிரி!

ஆனால் செயின் பல்சக்கரம் இல்லை. செயின் இழுபட்டு நீள்வதாகச் சொல்கிறோம்; உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு 0.01 மில்லிமீட்டர் தேய்ந்தால், நூறு கண்ணிக்கு 1 மில்லிமீட்டர். அந்தத் தொய்வை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் கெட்டால், அளவு குறைந்தால், டீசல் கரி சேர்ந்து தடித்தால், தேய்மானமும் கூடும், பிடிப்பும் தளரும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில் செயினைக் கியர்பாக்ஸ் பக்கம், பின்னால் வைத்தார்கள். செயின் பிரச்சினை பல நாடுகளில் பேசப்பட்டது. அதை மாற்ற வேண்டுமானால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று வடிவமைத்த பொருள், மாற்ற வேண்டி வரும்போது அதிகம் செலவு வைக்கும்.

பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சுருக்கமாகச் சொன்னார்: "செயினுக்கு ஆயில் சோறுங்க. பெல்ட்டுக்கு ஆயில் விஷமுங்க. இது தெரிஞ்சா போதுமுங்க."

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த விதியையும் உடைத்த இன்ஜின் ஒன்று நம் மாநிலக் காரிலேயே வந்தது. ஃபோர்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட். உராய்வு குறையட்டும் என்று பெல்ட்டை இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடவிட்டார்கள். மறைமலைநகரில் 2013 முதல் தயாரான ஈகோஸ்போர்ட்டில் இந்த இன்ஜினும் உண்டு. ஆயிலைத் தாங்கும் தனி ரப்பர்தான். ஆனால் தவறான ஆயில் ஊற்றினாலோ, நாள் கடந்தாலோ ரப்பர் உதிர்ந்து ஆயில் போகும் வழியை அடைக்கிற ஆபத்து உண்டு. பிற்பாடு வால்வு பக்கத்துக்கு ஃபோர்டே செயினைப் போட்டது. ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் மட்டும் நின்றது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த ஆயில் பம்பு பெல்ட்டுக்காகவே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். அங்கே விற்ற ஈகோஸ்போர்ட் நம் சென்னையிலிருந்து கப்பல் ஏறியது. இந்த வகை இன்ஜினில் பெல்ட் தேதி, ஆயில் தேதி என்று இரண்டு கணக்கு வேண்டும்.

இவ்வளவையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், பல்சக்கரம் ஓனரிடம் எதுவுமே கேட்கவில்லை. விலையை முன்னாலேயே வாங்கிக்கொண்டது. பெல்ட் ஒரு தேதியைக் கேட்டது. செயின் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும் கேட்டது. சோம்பேறிக்கு எது நல்லது என்றால், பல்சக்கரம் மட்டும்தான்.

அதனால் பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெல்ட் வண்டியா? மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், அந்த பெல்ட்டே ஓட்டுகிற வாட்டர் பம்பானால் அதுவும் சேர்த்து, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பில்லோடு வரும் பெல்ட் வண்டி பயப்பட வேண்டியதில்லை. செயின் வண்டியா? இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். ஓனர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். முதல் சில வினாடி கரகரப்பு தொடர்ந்தால் யோசியுங்கள். ஆயில் மாற்றிய வரலாறு இல்லாத செயின் வண்டியைவிட, பில் வைத்திருக்கும் பெல்ட் வண்டி எனக்கு மேல்.

லாரிக்காரர்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எஃப்சி தேதி, பர்மிட் தேதி, டயர் போட்ட கிலோமீட்டர், டிரிப் ஷீட் எல்லாம் அவர்கள் டைரியில் இருக்கும். கார் இன்ஜினுக்கு மட்டும் அந்த டைரியில் பக்கம் இல்லை. சில மெக்கானிக்குகள் பெல்ட் மாற்றியதும் டைமிங் கவர் மேலேயே தேதியையும் கிலோமீட்டரையும் வெள்ளை பெயிண்டில் எழுதிவிடுகிறார்கள். பேப்பர் தொலையும், வண்டி கைமாறும், கவரில் எழுதியது வண்டியோடு போகும். உங்கள் வண்டியில் எழுதியிருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த வேலையின்போது எழுதச் சொல்லுங்கள்.