கூடைப்பந்தில் டிரிபிளிங் விதிகள்

பந்தைத் தரையில் தட்டியபடியே முன்னேறும் ஆட்டமுறை டிரிபிளிங். கூடைப்பந்து பிறந்தபோது இது அதில் இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த 13 விதிகளில் மூன்றாவது, பந்தோடு ஓடுவதைத் தடுத்தது; பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஓடிவந்து பிடிப்பவருக்கு மட்டும் சிறு சலுகை உண்டு. மீறினால் ஃபவுல், ஓர் அணி அடுத்தடுத்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல்.

ஆனால் எதிராளி நெருக்கும்போது பந்தைக் கைவிட்டு மீண்டும் எடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. டிரிபிளிங் நுழைந்தது அந்த வழியாகத்தான். 1890களின் பிற்பகுதியில் யேல் பல்கலைக்கழக அணி இதை உத்தியாகவே ஆடிக்காட்டியது. விதி வகுப்போர் தயங்கினார்கள். சில ஆண்டுகள், டிரிபிள் செய்தவர் தாமே கூடையை நோக்கி எறியக் கூடாது என்றுகூட விதி இருந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1908இல் அந்தத் தடை நீங்கியது. நிறுத்திவிட்டு மறுபடி தட்டும் 'டபுள் டிரிபிள்' குற்றமானதும் அப்போதுதான்.

பெரிய சோதனை 1927இல் வந்தது. விஸ்கான்சின் பயிற்சியாளர் வால்டர் மீன்வெல் முன்வைத்த யோசனைப்படி, ஒரே ஒரு தட்டலோடு டிரிபிளிங்கை நிறுத்த விதிக்குழு முடிவெடுத்தது. கான்சஸ் பயிற்சியாளர் ஃபாக் ஆலன் பயிற்சியாளர்களைத் திரட்டி எதிர்த்தார். அமெரிக்காவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் தேசியச் சங்கம் அந்த எதிர்ப்பில் உருவானது. முடிவு கைவிடப்பட்டது. இந்த ஆட்டத்தின் வரலாற்றில் இதைவிட நல்ல பின்வாங்கல் இல்லை எனலாம்.

அதன்பின் எழுந்த குழப்பங்கள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியவை: பந்து எந்தக் கணத்தில் கையில் தங்குகிறது? சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, இரு கைகளும் ஒருசேரப் பட்டாலோ, பந்து கையில் ஓய்ந்தாலோ டிரிபிள் முடிந்தது. தட்டல்களுக்கு நடுவே எத்தனை அடி வைத்தாலும் தவறில்லை. பந்து தற்செயலாகக் கைநழுவுவதும் டிரிபிள் ஆகாது. பார்வையாளர்கள் 'டபுள்' என்று கத்தியும் நடுவர் விசில் ஊதாமலிருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதியை மீறி அடிவைக்கும் டிராவலிங்கில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ, ஓட்டத்தில் பந்தை வசப்படுத்தியபின் இரண்டு அடிகள் உண்டு என்பதை 2009இல் எழுத்தில் சேர்த்தது. ஃபிபா 2017இல் இதையொட்டித் தன் விதியைத் திருத்தியது: பந்து வசப்படும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது, அடுத்து ஊன்றுவதே முதல் அடி. கேலரியிலிருந்து பார்த்தால் மூன்று அடிகள் போலவே தோன்றும். எனவே நடுவர் முதலில் பந்து கையில் அடங்கும் கணத்தைப் பிடித்து, அங்கிருந்து காலை எண்ணுகிறார். நின்ற நிலையிலிருந்து புறப்படுபவரிடம் அவர் பார்ப்பது வேறு: ஊன்றி நிற்கும் பிவட் கால் தரையைவிட்டு எழுமுன் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

தட்டும்போதே பந்தைக் கையில் தாங்கிவிடும் கேரியிங்தான் இன்றும் அதிகச் சச்சரவுக்கு இடம் தருவது. கை பந்துக்கு அடியில் போனாலே குற்றம் என்பது தவறான எண்ணம். அப்படிப் போய்ப் பந்தைத் தாங்கி நிறுத்திவிட்டு மீண்டும் தட்டினால்தான் மீறல். என்பிஏ ஆட்டக்காரர் ஆலன் ஐவர்சன் 1990களில் புகழ்பெறச் செய்த, பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்குச் சட்டென மாற்றித் தட்டும் கிராஸ்ஓவர் இந்த எல்லையை ஒட்டியே ஆடப்பட்டது. மணிக்கட்டை மெல்லத் திருப்பும் அந்த நொடியில் எதிராளி ஏமாறுகிறார். நடுவர் ஏமாறாமல் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் கண்டும் காணாமல் விடப்பட்ட இந்த மீறலை என்பிஏ நடுவர்கள் 2022-23 பருவத்தில் மறுபடி கண்டிப்பாக ஊதத் தொடங்கினர்.