மதில் மட்டுமா மரபுரிமை?

காலிக் கோட்டையைக் காணவரும் உல்லாசப் பயணிகள் பலருக்கு அதன் கதை ஒல்லாந்தரோடுதான் தொடங்குகிறது. 1640 இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதைக் கைப்பற்றி, மதிலை விரித்துக் கட்டியவர்கள் அவர்களே. 1988 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஆயினும் துறைமுகம் மதிலுக்கு மூத்தது. 1344 இல் இப்னு பதூதா இங்கு வந்தபோது அவரை விருந்தோம்பியவர் இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர். 1409 ஆம் ஆண்டிட்ட சீனத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டு, 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை கூறுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. மாணவருக்குக் காலியைக் கற்பிக்கையில் நான் இக்கல்லிலிருந்தே தொடங்குவேன்.

வெளிச்சவீட்டின் அருகே, 1904 இல் எழுந்த மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைத் தேவாலயமென எண்ணிக் கடப்போர் உண்டு. பாங்கொலிதான் அவர்களைத் திருத்துகிறது. ஆனால் சுற்றியுள்ள வீடுகள் பல விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. விற்றவர்களை நான் குறைசொல்லேன். பழைய வீட்டைத் திருத்தக் கட்டுப்பாடுகள் பல; வாங்க வருவோர் தரும் விலையோ பெரிது.

மதிலைக் காக்கச் சட்டம் உண்டு. அதனுள் வாழ்ந்தவர்களின் நினைவைக் காக்க எதுவுண்டு? பள்ளிவாசல் ஏடுகளையும் காவின் பதிவுகளையும் காணி உறுதிகளையும் முதியோரின் வாய்மொழியையும் நாமே தொகுக்க வேண்டும். குடும்பங்கள் வெளியேறிய பின் கேட்பதற்கு ஆளிருக்காது.