மேக் கணினியில் விண்டோஸ் ஃபிளைட் சிமுலேட்டர்

விண்டோஸுக்காக எழுதப்பட்ட விமானப் பயிற்சி விளையாட்டு மென்பொருளை ஆப்பிளின் மேக் கணினியில் இயக்கப் பல வழிகள் உள்ளன. எந்த வழி பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்வது அந்த மேக்கில் இருக்கும் சிப்தான்.

பின்னணி

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 1982-இல் ஐபிஎம் கணினிக்கு வெளியானது. 1986-இல் மேக்கிற்கும் வந்தது. 1996-இல் விண்டோஸ் 95 பதிப்பு வெளிவந்த பிறகு இத்தொடரில் மேக் பதிப்பு எதுவும் வரவில்லை. 2006-இன் எஃப்எஸ்எக்ஸ், 2020, 2024 பதிப்புகள் ஆகியவை கணினியில் விண்டோஸையும் அதன் டைரக்ட்எக்ஸ் வரைகலை அமைப்பையும் நம்பியவை. மேக்கில் டைரக்ட்எக்ஸ் இல்லை. அதற்கு மெட்டல் என்னும் தனி அமைப்பு உண்டு.

பூட் கேம்ப்

2006-இல் மேக் கணினிகள் இன்டெல் சிப்புக்கு மாறின. அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் பூட் கேம்ப்பின் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. வன்தட்டில் ஒரு பகுதியைப் பிரித்து விண்டோஸை நிறுவி, கணினியைத் தொடங்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. விண்டோஸ் வரைகலைச் சிப்பை நேரடியாகப் பயன்படுத்துவதால் இன்டெல் மேக்கில் வேகமான வழி இதுவே. இடம்தான் சிக்கல்: 2020 பதிப்புக்கு மட்டுமே 150 ஜிபி தேவை. இன்டெல் மேக்குகளில் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாததால் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ முடியாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்தது.

மெய்நிகர் கணினி

2020 நவம்பரில் வந்த எம்1 முதலான ஆப்பிள் சிப்களில் பூட் கேம்ப் கிடையாது. இவற்றில் பேரலல்ஸ் டெஸ்க்டாப் போன்ற மென்பொருளுக்குள், ஆப்பிள் சிப்களும் சார்ந்த ஏஆர்எம் வகைக்கான விண்டோஸ் 11 இயங்கும். இன்டெல் வகைச் சிப்புக்கு எழுதிய நிரல்களை அந்த விண்டோஸே மாற்றி இயக்கும். எஃப்எஸ்எக்ஸ் போன்ற பழைய பதிப்புகளை முயன்று பார்க்க இது ஏற்றது. ஆனால் இந்த ஏற்பாட்டில் டைரக்ட்எக்ஸ் 12 கிடைப்பதில்லை. 2024 பதிப்புக்கு அது கட்டாயம். ஜாய்ஸ்டிக், பெடல் போன்றவற்றுக்குத் தனி டிரைவர் தேவைப்பட்டால், அதுவும் ஏஆர்எம் வகையாக இருக்க வேண்டும்.

மாற்று அடுக்கு

ஒயின், அதை அடிப்படையாகக் கொண்ட கிராஸ்ஓவர் ஆகிய மென்பொருள்கள் விண்டோஸே இல்லாமல் அதன் நிரல்களை இயக்குகின்றன. நிரல் விண்டோஸிடம் கேட்பதை மேக்கிற்குப் புரியும்படி மாற்றித் தருவதே இவற்றின் பணி. 2023-இல் ஆப்பிள் வெளியிட்ட கேம் போர்ட்டிங் டூல்கிட் டைரக்ட்எக்ஸ் 12 கட்டளைகளையும் மெட்டலுக்கு மாற்றுகிறது. எனினும் இந்த வழிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு இல்லை. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் மீண்டும் சோதித்துப் பார்க்க நேரலாம்.

கிளவுட் வழி

2022 மார்ச்சில் 2020 பதிப்பு எக்ஸ்பாக்ஸ் கிளவுட் சேவையில் சேர்ந்தது. சிமுலேட்டர் தொலைவிலுள்ள சர்வரில் இயங்க, படம் மட்டும் பிரவுசருக்கு வருகிறது. மேக்கின் சிப் எதுவானாலும் பயன்படும். ஆனால் இது எக்ஸ்பாக்ஸ் பதிப்பு என்பதால் விண்டோஸுக்கான கூடுதல் மென்பொருள்களைச் சேர்க்க இயலாது. இணையம் தாமதித்தால் விமானத்தின் அசைவும் தாமதிக்கும். தரையிறங்கும்போது அது பெரும் இடையூறு.

மேக்கில் நேரடியாக இயங்குபவை

லாமினார் ரிசர்ச்சின் எக்ஸ்-பிளேன் மேக்கில் நேரடியாக இயங்குகிறது. அதன் 12-ஆம் பதிப்பு ஆப்பிள் சிப்புக்கும் ஏற்றபடி அமைந்தது. திறந்த மூல மென்பொருளான ஃபிளைட்கியரை இலவசமாகப் பெறலாம். குறிப்பிட்ட விண்டோஸ் பதிப்பையோ அதற்கான கூடுதல் விமானங்களையோ விரும்பாதவருக்கு, ஆப்பிள் சிப் கொண்ட மேக்கில் நம்பகமான தேர்வு இவையே.