சமூக வர்க்கமும் பெற்றோர்–பிள்ளை உறவும்

பெற்றோரின் தொழில், கல்வி, வருமானம் ஆகியவை அவர்கள் பிள்ளைகளிடம் பேசும், கண்டிக்கும், எதிர்பார்க்கும் முறையை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பது குடும்பச் சமூகவியலின் முக்கிய ஆய்வுப் பொருள். இதன் அடிப்படை ஆய்வுகள் சில அமெரிக்காவில் நடந்தவை.

மெல்வின் கோன்

சமூகவியலாளர் மெல்வின் கோன் 1969இல் வெளியிட்ட நூல், வர்க்கத்துக்கு வர்க்கம் பெற்றோரின் எதிர்பார்ப்பு வேறுபடுவதன் வேரைப் பணியிடத்தில் கண்டது. மேலாளர் கண்காணிப்பில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிலாளி, சொல்பேச்சுக் கேட்கும் பண்பைப் பிள்ளையிடம் கூடுதலாக மதித்தார். தாமே முடிவெடுக்கும் பணியில் இருந்தவர், பிள்ளை சுயமாகச் சிந்திப்பதை மதித்தார்.

அனெட் லாரோ

1990களில் சமூகவியலாளர் அனெட் லாரோ 9, 10 வயதுச் சிறுவர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். அவற்றில் 12 குடும்பங்களின் அன்றாட வாழ்வை அவரது குழுவினர் வீடுகளுக்கே சென்று நெருக்கமாகக் கவனித்தனர். முடிவுகள் 2003இல் நூலாக வெளிவந்தன.

நடுத்தர வர்க்கப் பெற்றோர் விளையாட்டுப் பயிற்சி, இசை வகுப்பு என்று பிள்ளையின் நேரத்தைத் திட்டமிட்டனர். எதையும் பேசி விளக்கினர். ஒரு தாய், மருத்துவமனைக்குக் காரில் போகும்போதே, மருத்துவரிடம் கேட்க வேண்டியதை யோசித்துக்கொள்ளும்படி மகனைத் தயார்ப்படுத்தினார். அவன் அங்கே கூச்சமின்றிக் கேட்டான். தொழிலாளர், ஏழைக் குடும்பங்களில் பேச்சு சுருக்கம். குளிக்கும் நேரம் வந்ததும் ஒரு தாய் ஒரே ஒரு சொல் சொல்லி, பிள்ளையின் கையில் ஒரு துணியைக் கொடுத்தார். பிள்ளை மறுபேச்சின்றிப் போனது. அதே சமயம் இக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரம் அதிகம். உடன்பிறந்தாரோடும் உறவினரோடும் நெருக்கம் அதிகம். பெற்றோரிடம் சிணுங்கல் குறைவு.

விளைவு

இரு தரப்புப் பெற்றோருக்கும் பாசத்தில் குறைவில்லை. ஆனால் பள்ளியும் மருத்துவமனையும் நடுத்தர வர்க்கப் பேச்சு முறைக்கே மதிப்பளிக்கின்றன. எனவே ஒரு பிள்ளை அங்கே உரிமையோடு பேசுகிறது; மற்றொன்று ஒதுங்கி நிற்கிறது. இந்த அநீதியின் பொறுப்பு ஏழைப் பெற்றோருடையதன்று. ஒரே வகைப் பேச்சை மட்டும் செவிமடுக்கும் நிறுவனங்களுடையது. ஆய்வில் இடம்பெற்ற சிறுவர்களை அவர்கள் வளர்ந்த பின் லாரோ மீண்டும் சந்தித்து எழுதிய 2011ஆம் ஆண்டுப் பதிப்பு, வர்க்க இடைவெளி மறையவில்லை எனக் காட்டியது.

விமர்சனம்

நெருக்கமாகக் கவனிக்கப்பட்ட குடும்பங்கள் மிகச் சில என்பது ஒரு விமர்சனம். அன்றாடக் குழந்தை வளர்ப்பில் இனத்தைவிட வர்க்கமே முதன்மையானது என்ற லாரோவின் முடிவும் விவாதத்துக்குள்ளானது. ஏனெனில், நிறவெறியை எதிர்கொள்ளப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் சுமை, வசதியுள்ள கறுப்பினப் பெற்றோரையும் விடுவதில்லை.