ஆண்டாளுக்குப் பால் கொடுத்தது யார்?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்களுக்கு ஆண்டாள் கதையை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. நந்தவனத்தில், துளசிச் செடியடியில் ஒரு பெண் குழந்தை கிடந்தது. பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். நான் கேட்டு வளர்ந்த கதையில், அடுத்த காட்சியிலேயே ஆண்டாள் பெரியவளாகி மாலையைச் சூடிக் கிணற்றில் அழகு பார்த்துக்கொண்டிருப்பாள். நடுவில் இருந்த மாதங்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. 2012இல் என் மகள் பிறந்த ஆறாம் நாள், விடியற்காலை மூன்று மணிக்கு, மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, காம்பு வெடித்து, குழந்தை வாய் வைக்க மாட்டாமல் வீறிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. தோட்டத்தில் கிடந்த அந்தப் பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுத்தது யார்?

வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். பூண்டு, பால்சுறா, முருங்கைக்கீரை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். “பால் பத்தலை, பவுடரைக் கரைச்சுக் குடு” என்றார் ஒருவர். எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: உன் உடம்பு சரியில்லை. அம்மாச்சி மட்டும் வெந்நீரில் துணியை நனைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “பால் இல்லாம இல்லடி. கட்டிக் கெடக்கு. கொஞ்சம் பீச்சி இளக்கிவிட்டுட்டுக் குடு, பிள்ளை பிடிச்சுக்கிடும்.” பீச்சிவிட்டபடியே, யாரிடமும் முழுதாகச் சொல்லாத தன் கதையைச் சொன்னாள்.

1960களின் நடுப்பகுதி. அம்மாச்சி ராஜபாளையத்தில் ஒரு சிறிய நூற்பாலையில் ரீலிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், பஸ் பயணம். தலைப்பிள்ளை, ஆண். இரண்டு மாதத்தில் அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். பத்து மணி ஆனால் மார்பு கனக்கும். எங்கோ ஒரு பிள்ளை அழுதால் போதும், ரவிக்கை நனைந்துவிடும். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில் கக்கூசுக்குள் போய்ச் சுவரில் பீச்சிவிட்டு வருவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், வெயிலில் அலைந்த பால் ‘சூட்டுப்பால்’, பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் முதல் பாலைத் தரையில் பீச்சச் சொல்வார். நாலாம் மாதம் பால் வற்றியது. டப்பாப் பாலைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். டப்பா விலைக்குப் பயந்து தண்ணீர் கூடியது. பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. எட்டாம் மாதம் இறந்துபோனான். “ராசியில்லாத மாரு” என்றார்கள். அம்மாச்சி அதை நம்பினாள். பிறகு பிறந்த என் அம்மாவுக்குப் பயந்து பயந்துதான் பால் கொடுத்திருக்கிறாள்.

மார்பு ஒரு குடம் அல்ல, நிரப்பி வைத்து ஊற்றுவதற்கு. எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து ஒரு சுரப்பு கிளம்பிப் பாலை உண்டாக்குகிறது. இன்னொன்று அதை வெளியே தள்ளுகிறது. பால் உள்ளேயே தேங்கினால், இனித் தேவையில்லை என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். நாளுக்குப் பத்து மணி நேரம் பிள்ளையைப் பிரிந்திருக்கும் எந்தத் தாய்க்கும் இது நேரலாம். இதில் ராசிக்கு இடமில்லை.

அப்படியானால் அந்தப் பிரிவை யார் ஏற்படுத்தியது? ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கப்பட்டது. பின்னர் பல ஆலைகள் வந்து ஊர் நூலுக்குப் பெயர் பெற்றது. சென்னை மாகாணத்தின் மகப்பேறு நலச் சட்டம் அதற்கும் முந்தையது, 1934ஆம் ஆண்டினுடையது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 48ஆம் பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பையும், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகளையும் எழுதிவைத்தது.

அம்மாச்சியின் ஆலையில் இருந்த பெண்களை அவளே விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்: முப்பத்தெட்டுப் பேர். ஆகவே காப்பகம் வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. காப்பகம் இல்லையென்றால் இடைவேளை தந்தும் பயனில்லை. பிள்ளை பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. 50 என்ற எண்ணிக்கையை 1976இல்தான் 30 ஆகக் குறைத்தார்கள். அது பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே நடந்திருந்தால் என் மாமன் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. பால் வற்றியிருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

பெண்களின் தலையை எண்ணிக் காப்பகம் வைக்கும் சட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெண்களைக் குறைவாக எடுத்தால் காப்பகம் மிச்சம். பிள்ளை இல்லாத பெண்களை எடுத்தால் இன்னும் மிச்சம். 1990களுக்குப் பிறகு தமிழக நூற்பாலைகளில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ மணமாகாத இளம்பெண்களையே தேடியது; விடுதியில் தங்கி மூன்று வருடம் உழைத்தால் கடைசியில் மொத்தப் பணம். பாலூட்டும் தாய் அந்த ஆலைக்குள் வர வழியே இல்லை. 2017இல் வந்த திருத்தம்தான் விடுப்பை 26 வாரம் ஆக்கியது. 50 ஊழியர்கள் இருந்தால், ஆணோ பெண்ணோ, காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கும் சட்டம் தரும் விடுப்புக்கும் அப்போதுதான் கணக்கு ஒத்துவந்தது.

டப்பாப் பாலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், டப்பாப் பால் விளம்பரத்தை நம்பிக் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே மேடையில் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் விதிகள் வர 1981 ஆயிற்று. இந்தியாவில் சட்டம் வந்தது 1992இல். அதற்காகப் புட்டிப்பால் கொடுக்கும் தாயைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மருத்துவர் சொன்னபடி நானும் சில நாள் கொதித்து ஆறிய நீரில் அளவோடு கரைத்துக் கொடுத்தேன். என் அம்மாச்சிக்குக் கிடைக்காதவை சுத்தமான நீர், சரியான அளவு, பக்கத்தில் ஒரு மருத்துவர்.

எங்கள் ஊர் பாலுக்குப் பேர்போனது. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டின் சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி ருசித்துத் தின்போம். தாயின் சீம்பாலையோ பல வீடுகளில் பீச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைத்தார்கள். பெரியாழ்வார் யசோதையாகவே மாறி, கண்ணனைப் பால் குடிக்க அழைத்துப் பாசுரங்கள் பாடியிருக்கிறார். குலசேகர ஆழ்வார் தேவகியைப் பாடினார்: பெற்றவள் அவள், ஆனால் அருகில் பிள்ளை இல்லை. எல்லோரும் யசோதையைக் கொண்டாடுகிறோம். ரீலிங் அறையில் நின்ற பெண்களோ தேவகிகள். ஆண்டாள் மட்டும்தான் தன் மார்பைத் தன்னுடையதாகப் பாடினாள், ஆசையோடும் கோபத்தோடும். அவளுக்குப் பால் கொடுத்த பெண்ணின் பெயர் நான் கேட்ட கதையில் இல்லை. அந்தத் தெருவில் அன்று யாரோ ஒருத்தி பிள்ளை பெற்றிருக்கவேண்டும். தன் பிள்ளையின் பங்கில் இந்தப் பிள்ளைக்கும் கொடுத்திருக்கவேண்டும்.

2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் 350க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. வேலைக்குப் போகும் வழியில் ஒரு தாய் உட்கார ஓர் இடம் வந்தது. களையெடுப்பவளுக்கும், வீட்டுத் தறியில் பேண்டேஜ் நெய்பவளுக்கும் 26 வாரம் என்பது இன்னும் வேறு யாருடைய கணக்கோதான்.

பத்தாம் நாள் என் மகள் பிடித்துக் குடிக்கப் பழகிவிட்டாள். பிற்பாடு இந்தச் சட்டங்களையெல்லாம் படித்துவிட்டு அம்மாச்சியிடம் போய் உட்கார்ந்தேன். ஐம்பதையும் முப்பத்தெட்டையும் சொன்னேன். பால் வற்றியது எதனால் என்று சொன்னேன். “உன் மாரு ஒண்ணும் ராசியில்லாததில்ல அம்மாச்சி. அங்க ஒரு தொட்டில் கட்ட இடமில்ல, அவ்வளவுதான்.”

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “இதை அப்பவே யாராவது சொல்லியிருக்கலாம்ல?”