பம்பாய் மாடி வீடுகளும் மராமத்துப் பொறுப்பும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மும்பையின் மாடி வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுவதுண்டு. மேல்மாடி வீட்டின் கூரை ஒழுகுகிறது. காரை பெயர்ந்து விழுகிறது. இதனைச் செப்பனிடும் செலவு வீட்டுக்கு உரியவரைச் சார்ந்ததா, சங்கத்தைச் சார்ந்ததா? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினா புதிதன்று. இன்று இதற்கு விதிகள் விடை கூறுகின்றன. ஆயினும் அவ்விடை ஒரு நாளில் பிறந்ததன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அதன் பின்னே நிற்கிறது.

அந்நாளைய பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளரும் சிறு உத்தியோகஸ்தரும் 'சால்' எனப்படும் நெடிய கட்டடங்களில், ஒற்றை அறைகளில் நெருங்கி வாழ்ந்தனர். 1896-ஆம் ஆண்டில் பிளேக் நோய் அந்நெரிசலின் கொடுமையை உலகறியச் செய்தது. அதன் விளைவாக 1898-இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் அமைந்தது. தாதரும் மாட்டுங்காவும் நேரிய தெருக்களுடன் உருவானது அந்த டிரஸ்டின் திட்டங்களால்தான். அக்காலத்தில் மராமத்து முறை எளிது. கட்டடம் ஒருவருடையது, குடியிருப்போர் பலர். வாடகை வாங்குபவர் எவரோ அவரே செப்பனிடவும் கடமைப்பட்டவர்.

1915-இல் இம்முறைக்கு மாற்றாக வேறொன்று தோன்றியது. அவ்வாண்டில் காம்தேவிப் பகுதியில் தால்மகி என்பவரின் முயற்சியால் சாரஸ்வதக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் நிறுவப்பட்டது. இந்நாட்டின் கூட்டுறவு வீட்டு இயக்கத்தின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. அங்கே சங்கமே உடைமையாளர். அதன் அங்கத்தினரே குடியிருப்போர். வீட்டுக்காரர் என்ற தனி மனிதர் மறைந்தார். ஆகவே, "செலவு என்னுடையதா, சங்கத்தினுடையதா?" என்ற கேள்விக்கும் அன்றே வித்து விழுந்தது எனலாம். ஏனெனில் சங்கத்தின் பணம் என்பதும் அங்கத்தினர் பணமே அன்றோ!

இதனிடையே வாடகைக் கட்டடங்களின் கதை வேறு வழியில் சென்றது. போரும் பிரிவினையும் வீட்டுப் பஞ்சத்தைக் கடுமையாக்கிய காலத்தில், 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1940 செப்டம்பர் முதல் தேதியன்று இருந்த வாடகையே பழைய வீடுகளுக்கு அளவுகோல் ஆயிற்று. ஏழைக் குடியிருப்போரைக் காப்பதே சட்டத்தின் நோக்கம், அந்நோக்கம் நல்லதே. மராமத்துக் கடமையையும் சட்டம் வீட்டுக்காரர் மீதே வைத்தது. ஆனால் சிமெண்டும் மரமும் கூலியும் விலையேற, வாடகை மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. வரவு இல்லாத கட்டடத்துக்குச் செலவிட வீட்டுக்காரர் விரும்பவில்லை. பிறர் உடைமைக்குத் தம் பணத்தைச் செலவிடக் குடியிருப்போர் விரும்பவில்லை. இருவருக்கும் இடையே சுவர் விரிசல் கண்டது. மழைக்காலந்தோறும் கட்டடங்கள் இடிந்தன, உயிர்கள் மாண்டன.

இந்நிலையில் அரசாங்கம் தலையிட நேர்ந்தது. 1969-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பழைய கட்டடங்கள் மீது மராமத்து வரி விதிக்கப்பட்டு, அவற்றைச் செப்பனிடத் தனி வாரியமும் அமைந்தது. இவ்வரிக்கு உட்பட்டவை ஏறத்தாழ 19,600 கட்டடங்கள். அவற்றுள் பெரும்பகுதி 1940-க்கு முற்பட்டவை. பின்னர் 1977-இல் அமைந்த மாநில வீட்டு வசதி ஆணையத்தின் கீழ் அவ்வாரியப் பணி வந்தது. பழைய வாடகையை அப்படியே நிறுத்தி வைப்பது இனி நியாயமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் கருத்துரைத்தது. புதிய வாடகைச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

சொந்த மாடி வீடு வாங்கும் வழக்கமும் இக்காலத்திலேயே பெருகியது. 1960-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், 1963-ஆம் ஆண்டு உடைமை வீட்டுச் சட்டம், 1970-ஆம் ஆண்டு அடுக்குமாடி உடைமைச் சட்டம் என்று மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. கூட்டுறவு முறையில் கட்டடம் சங்கத்தினுடையது. பங்கு பெற்ற அங்கத்தினர் தம் வீட்டில் வாழும் உரிமை பெறுகிறார். 'காண்டோமினியம்' எனப்படும் 1970-ஆம் ஆண்டு முறையிலோ வீடு உரியவரின் தனிச்சொத்து. மாடிப்படி, கூரை, அடித்தளம் முதலியவற்றில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கவியலாத பங்கு உண்டு. பொதுச் செலவும் அப்பங்கின் விகிதப்படியே அமையும். "நான் இப்பொது வசதியைப் பயன்படுத்துவதில்லை, ஆகவே பணம் தரமாட்டேன்" என்று எவரும் விலகிவிட முடியாது.

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்களுக்கென வகுக்கப்பட்ட மாதிரித் துணைவிதிகள் இவ்வழக்கைத் தெளிவாகத் தீர்க்கின்றன. சுற்றுச்சுவர், படிக்கட்டு, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, பம்பு, வெளிப்புறக் குழாய், சாக்கடை, லிப்ட் ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. மொட்டைமாடி வழியே மழைநீர் கசிந்து மேல்மாடி வீட்டின் கூரைக் காரை கெட்டால் அதனையும் சங்கமே செப்பனிட வேண்டும். வீட்டுக்குள் இருப்பவை வீட்டுக்கு உரியவரின் பொறுப்பு. குளியலறையிலோ சமையலறைத் தொட்டியிலோ நேரும் உட்கசிவு கீழ்வீட்டை நனைத்தால், சங்கம் அன்று, கசிவுக்குக் காரணமான வீட்டுக்காரரே செலவேற்க வேண்டும்.

பணத்துக்கும் வழி வகுத்துள்ளனர். கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 விழுக்காடு மராமத்து நிதிக்கும், 0.25 விழுக்காடு சேம நிதிக்கும் சேர வேண்டும். ஒரு வீட்டின் கட்டுமானச் செலவு 20 லட்சம் ரூபாயானால், முறையே 15,000 ரூபாயும் 5,000 ரூபாயும் ஆண்டுதோறும் சேரும். 15 முதல் 30 ஆண்டு வயதான கட்டடத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் வயதானதை மூன்றாண்டுக்கு ஒரு முறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும் என்பதும் விதி. புதுக் கட்டடமாயின், வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையைக் கட்டியவரே இலவசமாக நீக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கூறுகிறது.

'மராமத்து' என்பது அரபு, பாரசீக வழியாக நம்மிடம் வந்த சொல். அதனோடு 'குடி' என்னும் தமிழ்ச் சொல்லைச் சேர்த்து, ஏரி, கால்வாய்களை ஊரார் கூடிப் பேணும் முறையைக் 'குடிமராமத்து' என்று நம் முன்னோர் வழங்கினர். சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குச் சட்ட வடிவமும் தந்தது. பெரும்பணி அரசாங்கத்தினுடையது, சிறுபணி ஊராருடையது என்பது அதன் பாகுபாடு. அடுக்குமாடியில் சங்கத்துக்கும் தனி வீட்டுக்கும் இடையே இன்று உள்ள பாகுபாடு அதனையே நினைவூட்டுகிறது.

வரவையும் உரிமையையும் கடமையையும் வெவ்வேறு கைகளில் பிரித்து வைத்தபோது கட்டடங்கள் இடிந்தன. அவை ஒரே சங்கத்தில் கூடியபோது பேணுவதற்கு வழி பிறந்தது. பம்பாய் வரலாறு காட்டுவது இதுவே. ஆனால் வழி இருந்தால் மட்டும் போதாது. மாதச் சந்தாவைக் குறைப்பதே நல்ல நிர்வாகம் என்று எண்ணி நிதி சேர்க்காத சங்கம், பழைய வீட்டுக்காரரின் தவறையே திரும்பச் செய்கிறது. வெளி மாநிலத்தில் வீடு வாங்கும் நம்மவர் விலையையும் வெளிச்சத்தையும் விசாரிப்பதோடு நில்லாமல், சங்கத்தின் மராமத்து நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்டறிதல் நலம். வாங்கிய பின்னர்ப் பொதுக்குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுதல் அதனினும் நலம்.