கண்ணியிலிருந்து கேமராவுக்கு

காட்டுவிலங்கைத் தானியங்கிக் கேமராவால் கண்காணிக்கும் முறைக்கு வேட்டைக்காரரின் தடமறிவே வேர். 1920களில் ஐக்கிய மாகாண வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் புலித்தடத்தின் குறுக்கே கம்பி கட்டினார். புலி அதை இடறியதும் ஒளி மின்னிப் படம் பதிவானது. வரிகள் புலிக்குப் புலி வேறுபடுவதையும் அவர் கண்டார். அதைக் கொண்டே 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் விலங்கியலாளர் உல்லாஸ் கரந்த் கேமராப் படங்களால் புலிகளைக் கணக்கிட்டார்.

நரியும் முயலும் திரியும் பனமலை போன்ற கரட்டு நிலத்தில் இந்தக் கேமரா எதற்கு என்று கேட்கலாம். உடலில் தனி அடையாளக் குறி இல்லாத விலங்கை இப்படித் தலையெண்ண முடியாது, உண்மைதான். ஆனால் எது எந்நேரம் எந்தத் தடத்தில் வருகிறது, கண்ணி வைப்பவர் எப்போது நுழைகிறார் என்பது தெரியும்; 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கச் சான்றும் கிடைக்கும். விறகு பொறுக்கும் பெண்களும் படத்தில் விழுவார்களே என்பதுதான் வலுவான மறுப்பு. ஆகவே ஊராரிடம் சொல்லி, தடமறிந்த இருளரின் துணையோடு மட்டுமே கேமராவைக் கட்ட வேண்டும்.